மலை ஊர் ஆய்வகத்தில் ஈஸ்ட்: எது என்று எதுவரை சொல்ல முடியும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். மைக்ராஸ்கோப், ஒரு சாதாரண இன்குபேட்டர், அடுப்பில் வைக்கும் ஆட்டோக்ளேவ், இவ்வளவுதான் இருக்கிறது. "ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன" என்று மட்டும் ரிப்போர்ட் தருகிறோம். எந்த ஈஸ்ட் என்று மருத்துவர் கேட்கிறார். ஜெர்ம் டியூப் (சீரத்தில் ஈஸ்ட் செல் விடும் குழாய் போன்ற முளை) சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. கார்ன்மீல் அகரில் (மக்காச்சோள மாவு சேர்த்த வளர்ப்பு மீடியம்) கிளாமிடோஸ்போர் (தடித்த சுவருள்ள உருண்டைச் செல்) வந்ததே இல்லை. பெரிய கருவிகள் இல்லாமல் எதுவரை போகலாம்?

பதில்:

உங்களிடம் இருப்பதை வைத்தே, மருத்துவருக்கு மிகவும் தேவைப்படும் நான்கு விஷயங்களைச் சொல்லிவிடலாம். இது மிகப் பரவலான ஈஸ்ட்டான கேண்டிடா அல்பிகன்ஸ் தானா? மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸா? ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு எளிதில் அடங்காத கேண்டிடா குருசை, கேண்டிடா கிளாப்ராட்டா போன்றதா? பல மருந்துகளுக்கு அடங்காத கேண்டிடா ஆரிஸ் என்று சந்தேகப்பட்டு உடனே மேல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தே மாறும். நீங்கள் சொல்லும் இரண்டு தோல்விகளும் கைப்பிழை போலத் தெரியவில்லை, வெப்பநிலைப் பிழை போலத்தான் இருக்கின்றன. புத்தகத்தில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருப்பது 25 டிகிரி. உங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி இரவில் அறைக்குள் அதில் பாதிதான் இருக்கும். அதனால் ஈஸ்ட்டுக்குப் போகும் முன் ஆட்டோக்ளேவையும் இன்குபேட்டரையும் பார்த்துவிடுவோம்.

"15 பவுண்டு, 15 நிமிடம்" என்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் இருக்கும் அழுத்தத்தை மட்டும்தான். மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் கேஜ் 15 பவுண்டு காட்டும்போது உள்ளே ஏறக்குறைய 117 டிகிரிதான் இருக்கும், 121 இராது. கோத்தகிரியில் அதைவிட அரை டிகிரி, முக்கால் டிகிரி கூடுதலாக இருக்கலாம். நாலு டிகிரிதானே என்று விட்டுவிடக் கூடாது. அந்த 15 நிமிடத்தில் ஸ்போர்களை (சூடு தாங்கும் பாக்டீரிய வித்துகளை) கொல்லும் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கேஜும் வால்வும் இடம் கொடுத்தால் கோத்தகிரிக்கு 18 பவுண்டு, ஊட்டிக்கு 18.5 பவுண்டு வைக்க வேண்டும். அடுப்பு ஆட்டோக்ளேவில் வெயிட் வால்வு 15-லேயே ஆவியை விட்டுவிடும். அதைத் தடுக்க முயலாதீர்கள், அது ஆபத்து. மீடியத்துக்கு நேரத்தை 30 முதல் 40 நிமிடம் வரை நீட்டுங்கள், கழிவுக் கல்ச்சர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், மாதம் ஒருமுறை ஸ்போர் ஸ்ட்ரிப் (உயிருள்ள ஸ்போர் தடவிய தாள்) போட்டுச் சரிபாருங்கள். பூஞ்சை வளர்க்கும் சாபுரோ அகர் அமிலத் தன்மை உள்ளது, பி.எச். 5.6. அதை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அகர் இறுகாமல் கூழாக நிற்கும், சர்க்கரையும் கருகும். அதனால் ஒரு லிட்டர் குடுவையாக வைக்காமல் 100, 200 மி.லி. குடுவைகளாகப் பிரித்து வையுங்கள். சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும்.

குரோமோஜெனிக் அகரை (ஈஸ்ட் இனத்துக்கு ஏற்பக் காலனிக்கு நிறம் தரும் மீடியம்) ஆட்டோக்ளேவ் செய்யக் கூடாது, கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும். உங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் 92 அல்லது 93. நுரை பொங்கியதும் இறக்கிவிட்டால் அகர் முழுதாகக் கரைந்திருக்காது. பிளேட்டில் மணல் மணலாகத் தெரிவது அதுதான். கலக்கிக் கலக்கி, குடுவையின் சுவரில் ஒரு துகளும் ஒட்டாத வரை வையுங்கள்.

இன்குபேட்டர் விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சூடாக்க மட்டுமே தெரிந்த சாதாரண இன்குபேட்டரால் சென்னையில் 25 டிகிரியைப் பிடிக்க முடியாது, குளிரூட்டும் பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும். உங்கள் ஊரிலோ அறையே பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இருப்பதால், பழைய இன்குபேட்டர் ஒன்று கிடைத்தால் அதை 25-ல் வைத்துவிடலாம். இரண்டாவதாக வாங்கச் சொல்ல வேண்டிய பொருள் இதுதான், முதலாவது எது என்று பின்னால் சொல்கிறேன். டயலை நம்ப வேண்டாம். 50 மி.லி. தண்ணீர் நிரப்பிய குப்பிக்குள் தெர்மாமீட்டரை நிறுத்தி, மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் காலை, மாலை பார்த்து எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் இரவு மின்சாரம் போய் வந்தால் மறுநாள் 37 டிகிரி என்று காட்டும். நள்ளிரவில் 18-க்கு இறங்கியிருந்தது தெரியாது. குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் அதற்குத்தான்.

இனி மாதிரிக்கு வருவோம். ரத்தம், மூளைத்தண்டுவட நீர், வயிற்று நீர், மூட்டு நீர் ஆகியவற்றில் ஈஸ்ட் ஒரே ஒரு காலனி வந்தாலும் அதை இனம் பிரித்தே ஆக வேண்டும். சளியில் வரும் கேண்டிடா பெரும்பாலும் வாயில் குடியிருப்பதுதான். அதற்காக நாள் கணக்கில் உழைப்பது வீண். சிறுநீரில் வந்தால் கதீட்டர் இருக்கிறதா என்று கேட்டு, புதிய மாதிரி வாங்கி மறுபடி பாருங்கள். ரத்தக் கல்ச்சர் பாட்டிலையும் மூளைத்தண்டுவட நீரையும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர்ந்த ஜன்னல் மேடையிலும் வைக்காதீர்கள்.

நேரடி ஸ்லைடு எப்போதும் முதல் வேலை. கிராம் சாயத்தில் ஈஸ்ட் கருநீலமாக, 3 முதல் 6 மைக்ரான் அளவில், மொட்டு விட்டுத் தெரியும். பொய் இழைகள் (மொட்டுகள் பிரியாமல் சங்கிலியாக நீண்டவை) உண்டா, உண்மையான இழைகள் உண்டா, செல் மிகச் சிறியதா, சுற்றிலும் வெற்று வளையம் இருக்கிறதா என்று கவனித்து எழுதுங்கள். கல்ச்சர் வந்த பிறகு இந்தக் குறிப்புதான் கை கொடுக்கும். எலும்பு மஜ்ஜையிலோ நிணநீர்க் கட்டியிலோ வெள்ளணுக்களுக்கு உள்ளே 2 முதல் 4 மைக்ரான் ஈஸ்ட்கள் குவிந்திருந்தால் அது ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதைத் திறந்த மேடையில் வளர்க்காமல் அனுப்பிவிடுங்கள்.

கல்ச்சருக்கு, பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்பெனிகாலை லிட்டருக்கு 50 மி.கி. சேர்த்த சாபுரோ அகர் போதும். சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த மீடியத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அது கிரிப்டோகாக்கஸை அடக்கிவிடும், சில கேண்டிடாக்களையும் அடக்கும். கொழுப்புத் திரவம் ஏற்றப்படும் பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் ஸ்லைடில் ஈஸ்ட் தெரிந்தும் பிளேட்டில் எதுவும் வரவில்லை என்றால் கொழுப்பு இருந்தால்தான் வளரும் மலசீசியா ஈஸ்ட்டை நினையுங்கள். கிருமி நீக்கிய ஆலிவ் எண்ணெயை மேலே மெல்லப் பூசி மறுபடி ஏற்றினால் வளரும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் கல்ச்சர் தூய்மையாக இருக்க வேண்டும். இரண்டு கேண்டிடாக்கள் கலந்து வருவது அபூர்வமல்ல, சாபுரோவில் இரண்டும் ஒரே வெள்ளைக் காலனியாகத்தான் தெரியும். குரோமோஜெனிக் அகரின் உண்மையான பயன் இங்கேதான். கேண்டிடா இனங்களில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குருசை சொரசொரப்பான மங்கிய இளஞ்சிவப்பு என்று பிரிந்து தெரியும். ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிளாப்ராட்டா ஒரு தயாரிப்பில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, இன்னொன்றில் வெண்மை. நீங்கள் வாங்கிய டப்பாவின் அட்டவணையை மட்டும் பாருங்கள், 48 மணி நேரத்துக்கு முன் நிறத்தை முடிவு செய்யாதீர்கள், பிளேட்டை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். பச்சை, நீலம் தவிர்த்த எந்த நிறத்தையும் நிறத்தை மட்டும் வைத்துப் பெயரிட மாட்டேன்.

ஜெர்ம் டியூப். சிறு குழாயில் 0.5 மி.லி. சீரம் எடுத்து, 24 மணி நேரக் காலனியை லூப் முனையால் தொட்டுக் கரைத்து, 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைத்து, ஒரு துளியைக் கவர் ஸ்லிப்பின் கீழ் பார்ப்பது. கேட்பதற்கு இவ்வளவு எளிது, தவறுவதும் அவ்வளவு எளிது. உங்களுக்குச் சில நாள் வராமல் போவதற்கு முதல் காரணம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சீரம் என்று நினைக்கிறேன். 4 டிகிரியில் இருந்த சீரம், 15 டிகிரி அறையில் நின்ற கண்ணாடிக் குழாய், அடிக்கடி கதவு திறக்கும் இன்குபேட்டர் எல்லாம் சேர்ந்தால் குழாய்க்குள் 37 வருவதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். மீதி நேரம் போதாது. சீரத்தையும் குழாயையும் அரை மணி நேரம் முன்னதாகவே சூடேற்றி வையுங்கள். வாட்டர் பாத் இருந்தால் இன்குபேட்டரைவிட அதுவே மேல், தண்ணீர் சூட்டைச் சீக்கிரம் கடத்தும்.

இரண்டாவது காரணம் காலனியை அள்ளிப் போடுவது. சீரம் பால் போலக் கலங்கினால் அல்பிகன்ஸ்கூட முளைக்காது. லேசாக மங்கினால் போதும். மூன்றாவது, பல நாள் பழைய காலனி. நான்காவது, திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்த சீரம். மீந்துபோன நோயாளிகளின் சீரத்தைச் சேர்த்துப் பயன்படுத்துவது பல இடங்களில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் அபாயம் ஒருபுறம், அதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும் சாத்தியம் மறுபுறம். மாட்டுக் கன்றுச் சீரம் வாங்கி 0.5 மி.லி. வீதம் பிரித்து உறைய வைத்தால், ஒரு சோதனைக்கு ஒரு குழாய் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பார்க்கும்போது முளையின் அடிப்பகுதியைப் பாருங்கள். உண்மையான ஜெர்ம் டியூப் தாய் செல்லிலிருந்து கிளம்பும் இடத்தில் இடுக்கம் இருக்காது. பக்கங்கள் இணையாக, அகலம் செல்லின் பாதியளவு, நீளம் மூன்று நான்கு மடங்கு இருக்கும். அடியில் இடுக்கம் இருந்தால் அது பொய் இழையின் தொடக்கம், டிராபிகாலிஸ் அப்படித்தான் செய்யும். 3 மணி நேரத்தைத் தாண்டினால் அதன் தொல்லை கூடும் என்பதால்தான் நேர வரம்பு. ஒவ்வொரு முறையும் தெரிந்த அல்பிகன்ஸ் ஒன்று, தெரிந்த டிராபிகாலிஸ் ஒன்று பக்கத்தில் ஓடட்டும். அல்பிகன்ஸ் முளைக்காத நாளில் எந்த ரிசல்ட்டையும் வெளியே தராதீர்கள். நோயாளியின் ஈஸ்ட்டில் முளை வந்தாலும் "அல்பிகன்ஸ் அல்லது அதன் நெருங்கிய உறவான டப்ளினியென்சிஸ்" என்பதுதான் முழு உண்மை. 45 டிகிரியில் வளர்ந்தால் அல்பிகன்ஸ் பக்கம் சாயலாம், டப்ளினியென்சிஸ் அங்கே வளராது. அல்பிகன்ஸிலும் முளைக்காத சில வகைகள் உண்டு. அதனால் முளைக்காததை மட்டும் வைத்து "அல்பிகன்ஸ் அல்ல" என்று எழுதாமல், கார்ன்மீலையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கார்ன்மீல் அகர், 1 சதவீத ட்வீன் 80 (சோப்பு போன்ற திரவம்) சேர்த்தது. ஊசியில் மிகக் கொஞ்சமாகக் காலனியைத் தொட்டு, அகரை மூன்று இணைகோடுகளாக லேசாகக் கீறி, மேலே கவர் ஸ்லிப் வைத்து, 25 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரம். கவர் ஸ்லிப் வைப்பதே ஆக்சிஜனைக் குறைக்கத்தான். அதன் ஓரத்தை ஒட்டித்தான் கிளாமிடோஸ்போர்கள் நன்றாக வரும். உங்களுக்கு வராததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. 37-ல் வைத்திருந்தால் அந்தச் சூட்டிலேயே கிளாமிடோஸ்போர் அடங்கிவிடும். மேசை மேல் வைத்திருந்தால் 12, 14 டிகிரிக் குளிரில் மூன்று நாளில் வளர்ச்சியே போதாது. 25-ல் நிலையாக வையுங்கள், வரும். ட்வீன் 80 சேர்க்க மறந்தாலும் வராது. அது குழம்பு போல இருப்பதால் குளிரில் பிப்பெட்டிலேயே ஒட்டிக்கொண்டு அளவு குறைந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவிட்டு எடுங்கள்.

பிளேட்டை மூடி திறந்து நேராக மைக்ராஸ்கோப்பில், முதலில் 10, பிறகு 40 லென்ஸில் பாருங்கள். அல்பிகன்ஸில் இழை நுனிகளில் தடித்த சுவருள்ள, 8 முதல் 12 மைக்ரான் அளவுள்ள உருண்டைகள் நிற்கும், இடைச்சுவர்களில் சிறு செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். டிராபிகாலிஸில் நீண்ட பொய் இழை, அதன் ஓரமாக ஒற்றை ஒற்றையாகவோ சிறு குழுவாகவோ செல்கள். பாராப்சிலோசிஸில் வளைந்த குட்டை இழைகள், நடுவே சில பெரிய செல்கள். குருசையின் நீண்ட செல்கள் கொட்டிய தீக்குச்சிகள் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கிளாப்ராட்டாவில் இழையே இராது, சிறு செல்கள் மட்டும். இழை துண்டு துண்டாக உடைந்து செவ்வகச் செல்கள் வந்தால் கேண்டிடா அல்லாத டிரைகோஸ்போரான் அல்லது ஜியோடிரிக்கம். உருண்டைச் செல்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நின்றால் கிரிப்டோகாக்கஸ் பக்கம் திரும்புங்கள்.

கிரிப்டோகாக்கஸைப் பொறுத்தவரை கல்ச்சருக்குக் காத்திருக்க நேரம் கிடையாது. மூளைத்தண்டுவட நீரைச் சென்ட்ரிஃப்யூஜ் செய்து, அடியில் தங்கியதில் ஒரு துளியோடு ஒரு சிறு துளி இந்தியா இங்க் கலந்து பாருங்கள். இங்க் அதிகமானால் திரை முழுக்க இருட்டாகிவிடும். கீழே அச்செழுத்தை வைத்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும் அளவு சரி. வெள்ளணுவைச் சுற்றியும் சில சமயம் மங்கிய வளையம் தெரியும், ஆனால் அதன் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். கிரிப்டோகாக்கஸின் வளையம் கூரான ஓரத்தோடு இருக்கும், உள்ளே செல்லின் இரட்டைச் சுவரும் மொட்டும் தெரியும். மொட்டைப் பார்க்காமல் பாசிட்டிவ் எழுத வேண்டாம். இங்க் பாட்டிலிலேயே ஈஸ்ட் வளர்வதுண்டு, வாரம் ஒருமுறை வெறும் இங்க்கைப் பாருங்கள்.

இந்தியா இங்க் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது, ஹெச்.ஐ.வி. இல்லாத நோயாளிகளில் அது தவறவிடுவது அதிகம். கிரிப்டோகாக்கஸின் உறைப்பொருளைக் கண்டறியும் ஆன்டிஜென் ஸ்ட்ரிப் 10 நிமிடத்தில் பதில் சொல்லும், உணர்திறனும் மிக அதிகம். சிறிய ஆய்வகத்துக்கு நிர்வாகம் ஒன்றே ஒன்று வாங்கித் தரும் என்றால் நான் கேட்பது இதைத்தான். கிட் தாளில் உள்ள அறை வெப்பநிலைக்கு ஸ்ட்ரிப்பையும் மாதிரியையும் கொண்டுவந்துவிட்டு ஓட்டுங்கள். நோய் மிகத் தெளிவாக இருந்தும் நெகட்டிவ் வந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருந்தாலும் கோடு வராமல் போகும்.

காலனி வந்ததும் யூரியேஸ் (யூரியாவை உடைக்கும் நொதி) சோதனை போடுங்கள். கிறிஸ்டென்சன் யூரியா அகரில் கிரிப்டோகாக்கஸ் இளஞ்சிவப்பாக்கும், கேண்டிடாக்கள் பெரும்பாலும் மாற்றாது. டிரைகோஸ்போரானும் ரோடோடொருலா என்ற சிவப்பு ஈஸ்ட்டும் மாற்றும் என்பதால் இது மட்டும் போதாது. அடுத்தது நைஜர் விதை அகர். கூண்டுப் பறவைக்குப் போடும் பேயெள்ளு, பூச்சிமருந்து கலக்காதது, 50 கிராம் அரைத்து ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி ஒரு லிட்டராக்கி, குளுக்கோஸ் 1 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், கிரியேட்டினின் 1 கிராம், அகர் 15 கிராம் சேருங்கள். 30 டிகிரியில் வையுங்கள். கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸும் கிரிப்டோகாக்கஸ் காட்டியும் மட்டும் பழுப்புக் காலனியாக மாறும், பொதுவாக 2 முதல் 5 நாளில். ஒரு வாரம் வரை பாருங்கள். குளுக்கோஸைக் கூட்டிவிட்டால் பழுப்பு வராது, சர்க்கரை கூடினால் பழுப்பு நிறம் தரும் நொதியின் உற்பத்தியே அடங்கிவிடும்.

நியோஃபார்மன்ஸா காட்டியா என்று பிரிக்க கேனவனின், கிளைசின், புரோமோதைமால் ப்ளூ உள்ள அகர் உண்டு. காட்டி அதை நீலமாக்கும், நியோஃபார்மன்ஸ் மஞ்சள் கலந்த பச்சையாகவே விடும். நீலகிரியில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும், காரணம் கற்பூர மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ். யூகலிப்டஸுக்கும் காட்டிக்கும் தொடர்பை 1990-ல் ஆஸ்திரேலியாவில் காட்டியது யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ் என்ற மரத்தை வைத்து. நம் மலைச் சரிவுகளில் நிறைந்திருப்பது பெரும்பாலும் யூகலிப்டஸ் குளோபுலஸ். நோயாளியின் வீட்டைச் சுற்றி மரம் இருக்கிறது என்பதற்காக ரிப்போர்ட்டில் காட்டி என்று சாய வேண்டாம், அகர் சொல்லட்டும்.

ஈஸ்ட் எந்தச் சர்க்கரையைப் பயன்படுத்துகிறது என்று பார்க்கும் சர்க்கரைச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிறிய ஆய்வகத்தில் அவை உழைப்புக்கேற்ற பலன் தருவதில்லை. ஆனால் சில விடைகள் கூர்மையானவை. கிளாப்ராட்டா குளுக்கோஸையும் டிரெஹலோஸையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். குருசை குளுக்கோஸை மட்டும். கிரிப்டோகாக்கஸ் இனோசிட்டாலை எடுத்துக்கொள்ளும், எதையும் புளிக்க வைக்காது. டிராபிகாலிஸ் சுக்ரோஸைப் புளிக்க வைக்கும், அல்பிகன்ஸ் வைக்காது. பழைய அகரின் சர்க்கரை காலனியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் பாசிட்டிவ் ஆகிவிடும் என்பதால், சர்க்கரை இல்லாத ஒரு கட்டுப்பாட்டுக் குழாய் கட்டாயம்.

கேண்டிடா ஆரிஸ் 2009-ல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசரப் பிரிவில் இருக்கிறது. உங்கள் முறைகளால் இதை உறுதி செய்ய முடியாது, சந்தேகிக்க முடியும். ஜெர்ம் டியூப் இல்லை, கார்ன்மீலில் இழை இல்லை அல்லது அபூர்வம், 42 டிகிரியில் வளர்கிறது, ஃப்ளூகோனசோல் டிஸ்க்கைச் சுற்றி ஈஸ்ட் வளராத வட்டமே இல்லை, நோயாளி பெரிய ஊரின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்தவர். இவை சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். கிளாப்ராட்டாவும் 42-ல் வளரும் என்பதால் ஒற்றை அடையாளத்தை நம்ப வேண்டாம். கிட்களும் இதில் ஏமாறும். தரவுத் தொகுப்பு பழையதான வைடெக் 2 கருவி இதைக் கேண்டிடா ஹீமுலோனி என்றும், ஏ.பி.ஐ. 20 சி கிட் சிவப்பு நிறமே இல்லாத ரோடோடொருலா என்றும் காட்டியதுண்டு. அப்படி வெளியிலிருந்து ரிப்போர்ட் வந்தால் மறுபடி கேளுங்கள். மேடையைக் குளோரின் கரைசலால் துடையுங்கள், குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினிகள் இதற்குப் போதாது.

உறுதி செய்வது, புரதங்களின் எடையை வைத்து இனம் காணும் மால்டி-டாஃப் கருவியிலோ, ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியின் வரிசையிலோ நடக்கும். மால்டியில் காலனியின் மேல் 1 மைக்ரோலிட்டர் 70 சதவீத ஃபார்மிக் அமிலம் விட்டால்தான் ஈஸ்ட்டின் சுவர் உடைந்து புரதங்கள் வெளிவரும். கருவியின் தொகுப்பு பழையதாக இருந்தால் அதுவும் தவறும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையிலோ கோவையிலோ முன்கூட்டிப் பேசி வையுங்கள். சண்டிகரில் பி.ஜி.ஐ.எம்.இ.ஆர். நிறுவனத்தில் நோய்ப் பூஞ்சைகளுக்கான தேசிய சேகரமும் இருக்கிறது.

பிளேட்டாக அனுப்பாதீர்கள், மலைப்பாதை வளைவுகளில் மூடி கழன்றுவிடும். 24 முதல் 48 மணி நேரம் வளர்ந்த தூய காலனியைச் சாபுரோ ஸ்லான்ட்டில், திருகு மூடிக் குழாயில், மூன்று அடுக்குப் பொதியில் அனுப்புங்கள். ஐஸ் தேவையில்லை. கூடவே மாதிரி எது, நேரடி ஸ்லைடில் என்ன தெரிந்தது, ஜெர்ம் டியூப், கார்ன்மீல், 42 டிகிரி முடிவுகள் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

ரிப்போர்ட்டில் பெயர் மாற்றங்களைக் கவனியுங்கள். கிளாப்ராட்டா இப்போது நகசியோமைசஸ் கிளாப்ராட்டஸ், குருசை பிச்சியா குத்ரியாவ்செவி, ஆரிஸ் கேண்டிடோசைமா ஆரிஸ். புதுப் பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயரையும் எழுதுங்கள், வார்டில் மருந்து எழுதுபவருக்குப் பழையதுதான் பழக்கம். குருசை என்றால் ஃப்ளூகோனசோல் டிஸ்க்கில் வட்டம் வந்தாலும் "வேலை செய்யும்" என்று எழுதக் கூடாது, அது இயல்பிலேயே அடங்காதது.

அனுப்பிய ஒவ்வொரு ஈஸ்ட்டிலும் ஒரு பிரதியை உங்களிடமே வையுங்கள். திருகு மூடிக் குப்பியில் 2 மி.லி. கிருமி நீக்கிய வாலைவடி நீரில் காலனியைக் கரைத்து இறுக மூடினால் போதும், ஃப்ரீசர் வேண்டாம், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மேல் ஆய்வகத்திலிருந்து பெயர் உறுதியாகி வந்ததும், அந்தக் குப்பிகளே உங்கள் ஜெர்ம் டியூப்புக்கும் கார்ன்மீலுக்கும் கட்டுப்பாட்டுக் கல்ச்சர்கள் ஆகிவிடும்.